ரிப்பன் கட்டிய நஷ்டம்

கைவினைப் பொருட்களை இணையத்தில் விற்கக் கற்றுத்தரும் வகுப்புகள் இப்போது ஊருக்கு ஊர் நடக்கின்றன. சுய உதவிக் குழுவுக்கு நடப்பதாக இருக்கட்டும், இன்ஸ்டாகிராமில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவதாக இருக்கட்டும், பேக்கிங் பாடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பொருளுக்கு முன்னால் பெட்டி பேச வேண்டும். பெட்டியில் பெயர் அச்சிட்டிருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் வண்ண டிஷ்யூ தாள், அதற்கு மேல் வட்ட ஸ்டிக்கர், பக்கத்தில் நன்றி அட்டை, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய சாட்டின் ரிப்பன். முடிந்தால் ஒரு சிட்டிகை காய்ந்த ரோஜா இதழ். வாடிக்கையாளர் பிரிக்கும்போது அசந்துபோக வேண்டும், அசந்துபோனவர் படம் எடுத்துப் போடுவார், படத்தைப் பார்த்துப் பத்துப் பேர் வாங்குவார்கள் என்று பாடம் முடியும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதம் முப்பது, நாற்பது ஆர்டர் அனுப்பும் சிறு கைவினைஞருக்கு இந்தப் பாடம் அடிமுதல் நுனிவரை தவறு. கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று விட்டுவிடவும் முடியாது. இது அவருடைய முதலைத் தின்கிறது, கூரியர் கட்டணத்தை ஏற்றுகிறது, பல நேரங்களில் பொருளையும் உடைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பெட்டி விற்கும் என்ற நம்பிக்கை வந்த வழியைப் பார்த்தால் அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது விளங்கும். 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற மளிகைக் கடையைத் திறந்தார். அதுவரை கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரர் நின்று, கேட்டதை எடுத்து, நிறுத்து, கட்டிக் கொடுப்பார். சாண்டர்ஸின் கடையில் வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். சுயசேவைக் கடை பரவப் பரவ, 'இது நல்ல அரிசி, போன வாரம் வந்தது' என்று சொல்லக் கடைக்காரர் இல்லாமல் போனார். அவர் வேலையைப் பொட்டலம் செய்ய வேண்டியதாயிற்று. அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இருபது சோப்புகளில் ஒன்று கண்ணில் பட வேண்டும், கையை இழுக்க வேண்டும். 1961இல் பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பில்டிச் பேக்கேஜிங் பற்றி எழுதிய புத்தகத்துக்கு 'மௌன விற்பனையாளன்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அந்தக் காலத்துக்கு, அந்தக் கடைக்கு அது சரி.

இணையத்தில் அந்த அலமாரியே இல்லை. வாங்குபவர் பார்ப்பது ஒரு புகைப்படம், நான்கு வரி விவரம், விலை, டெலிவரி கட்டணம், ஏற்கெனவே வாங்கியவர்கள் எழுதியிருப்பது. இவற்றை வைத்து முடிவு செய்து, ஜிபேயில் பணமும் போட்டுவிட்டு, ஐந்து நாள் கழித்துத்தான் பெட்டியைக் காண்கிறார். விற்பனை முடிந்த பிறகு வரும் விற்பனையாளனுக்கு எதற்கு இவ்வளவு சம்பளம்? அந்தக் காசு நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்துக்குப் போயிருந்தால் ஆர்டர் வருவதற்கு முன்பே வேலை செய்திருக்கும்.

இதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: முதல் விற்பனையைப் பற்றிக் கவலை இல்லை, பெட்டி இரண்டாவது விற்பனையைக் கொண்டுவரும் என்பார்கள். சான்றுக்கு ஆப்பிள் போனின் பெட்டியைக் காட்டுவார்கள். மூடி மெதுவாக வழுக்கிக்கொண்டு கழன்று வரும் அந்த அழகை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அறுபது எழுபதாயிரம் ரூபாய்ப் பொருளின் பெட்டியை அறுநூறு ரூபாய்க் களிமண் கழுத்தணிக்கு முன்மாதிரியாக வைப்பது கணக்குத் தெரியாதவர் செய்கிற வேலை. அங்கே பெட்டிச் செலவு விலையில் கடுகளவு. இங்கே அது லாபத்துக்குச் சமமாக வந்து நிற்கிறது.

பிரித்துப் பார்க்கும் வீடியோ போடுகிறார்களே என்றால், போடுகிறார்கள்தான். பெரும்பாலும் அதையே தொழிலாகக் கொண்டவர்கள், இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு போடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரு பள்ளி ஆசிரியை, மாலையில் வீட்டுக்கு வந்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கத்திரிக்கோலால் டேப்பை வெட்டும்போது அவருக்கு மூன்று கேள்விகள்தான். உடையாமல் இருக்கிறதா? படத்தில் பார்த்த நிறம்தானா? சொன்ன நாளில் வந்ததா? விற்பனைத் தளங்களில் கைவினைப் பொருட்களுக்குக் கீழே வாங்கியவர்கள் எழுதும் குறைகளைப் புரட்டிப் பார்த்தால் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும். ரிப்பன் இல்லை என்று அழுதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி காசுக் கணக்கு. இந்தப் பாடம் நடத்துபவர்கள் பெரும்பாலும் தொடாத இடம் இதுதான்.

கூரியர் நிறுவனங்கள் பார்சலை இரண்டு விதமாக நிறுக்கின்றன. ஒன்று தராசில் வைத்துப் பார்க்கும் எடை. மற்றொன்று பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை வைத்துப் போடும் கன அளவு எடை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருவதுதான் அது, கிலோவில். சில நிறுவனங்கள் வகுக்கும் எண்ணைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கின்றன. 5000 பரவலாக இருப்பது. இரண்டு எடையில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். அதுவும் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் படி ஏறும். வண்டியில் இடம்தானே தீர்ந்துபோகிறது, எடை தீருவதற்கு முன்பே. அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யூபிஎஸ் இரண்டுமே 2015 தொடங்கும்போது தரைவழிப் பார்சல்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தன. அதற்கு முன் சிறிய பெட்டிகளுக்கு அங்கே விலக்கு இருந்தது. காற்றை அனுப்புகிறவர்கள் காற்றுக்கும் காசு கட்டட்டும் என்பதே அதன் சாரம்.

இப்போது ஒரு டெரகோட்டா செட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கழுத்தணி, ஒரு ஜோடி ஜிமிக்கி. தராசில் அரைக் கிலோவுக்கு எவ்வளவோ கீழே. பாடத்தில் சொன்னபடி 20 செ.மீ. நீளம், 15 அகலம், 8 உயரத்தில் காந்த மூடி வைத்த பரிசுப்பெட்டியில் வைக்கலாம். பெருக்கினால் 2400. வகுத்தால் 0.48 கிலோ. அப்பாடா, அரைக் கிலோவுக்குள் வந்துவிட்டது என்று மூச்சு விடக்கூடாது. அந்தப் பளபளப் பெட்டியை அப்படியே கூரியரில் கொடுக்க முடியாது. மூலை நசுங்கும், கீறல் விழும், முகவரிச் சீட்டை அதன் மேலேயே ஒட்ட வேண்டிவரும். ஆகவே அழகான பெட்டியைக் காப்பாற்ற ஒரு சாதாரண அட்டைப்பெட்டி வேண்டும், சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் மெத்தையோடு. வெளிப்பெட்டி 24, 19, 12 என்று ஆகிறது. பெருக்கினால் 5472. கன அளவு எடை 1.09 கிலோ. கட்டணம் ஒன்றரைக் கிலோப் படியில். அரைக் கிலோவுக்குள் அடங்கும் மண் நகைக்கு மூன்று மடங்கு கூரியர்!

அதே செட்டை 15, 12, 8 அளவுள்ள மூன்றடுக்கு அட்டைப்பெட்டியில் நேரடியாக வைத்தால் 1440. எடை 0.29 கிலோ. சுற்றிலும் காகிதத் திணிப்புக்குப் போதுமான இடம், கட்டணம் முதல் படியிலேயே. அரைக் கிலோப் படி என்றால் பெட்டியின் கன அளவு 2500ஐத் தாண்டக் கூடாது. பேக்கிங் வகுப்பில் கரும்பலகையில் முதலில் எழுத வேண்டிய எண் இது.

ரூபாயாகவும் பார்த்துவிடலாம். செட்டின் விலை 600 என்றும், மண், சாயம், நூல், சூளை, கூலி எல்லாம் சேர்ந்து அடக்கம் 350 என்றும் வைத்துக்கொள்வோம். கூரியர் படி ஒன்றுக்கு 60 ரூபாய். காந்தப் பெட்டி 60, டிஷ்யூ, ரிப்பன், அட்டை, ஸ்டிக்கர் சேர்த்து 20, வெளிப்பெட்டி 20. ஆக பேக்கிங் 100, கூரியர் 180. டெலிவரி இலவசம் என்று போட்டிருந்தால் 600 ரூபாய்க்கு விற்று 30 ரூபாய் கைநஷ்டம். எளிய பெட்டியில் போனால் பெட்டி 10, தாளும் டேப்பும் 5, லேபிள் 2, கூரியர் 60. கையில் நிற்பது 173 ரூபாய். ஊருக்கு ஊர் விலை கொஞ்சம் ஏறி இறங்கும். முடிவின் திசை மாறாது. நஷ்டம் வருகிறதே என்று விலையை ஏற்றினாலோ, டெலிவரி கட்டணத்தைத் தனியாகக் காட்டினாலோ வாங்குபவர் கடைசித் திரையில் பின்வாங்குகிறார். கைவினைப் பொருட்களுக்கென்றே 2005இல் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி தளம், 2019 ஜூலையில் தன் விற்பனையாளர்களிடம், 35 டாலருக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம் என்று தருகிற கடைகளுக்கே அமெரிக்க வாடிக்கையாளர் தேடும்போது முன்னிடம் கொடுப்போம் என்று அறிவித்தது. கைவினைஞர்கள் பலர் கொதித்தார்கள். கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் வாங்குபவரின் கண் எங்கே போய் நிற்கிறது என்பதை அந்தத் தளம் சரியாகவே கணித்திருந்தது.

டெலிவரியின்போது பணம் தரும் முறையில் விற்பவர்களுக்கு இன்னொரு அடி. வீட்டில் ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று பார்சல் திரும்பி வரும். திரும்பி வரும் பயணத்துக்கும் பல நேரம் விற்றவரே கட்ட வேண்டும். பத்து நாள் ஊர் சுற்றிய பெட்டியின் ரிப்பன் கசங்கி, ஸ்டிக்கர் உரிந்து, மறுமுறை பயன்படாது. ஒரு பார்சல் திரும்பினால் மற்ற பார்சலின் லாபமும் அதோடு போச்சு.

பெயர் அச்சிட்ட பெட்டியில் இன்னொரு பொறி. அச்சுக்கூடங்கள், சிவகாசியானாலும் சென்னையானாலும், சிறிய எண்ணிக்கைக்கு அச்சுத் தகடு போட்டு வெட்டு அச்சு செய்ய விரும்புவதில்லை. ஆயிரம் என்றால் ஒன்றின் விலை இறங்கும். நூறு என்றால் தாங்காது. விலை குறைகிறதே என்று ஆயிரம் பெட்டி எடுத்தவர் வீட்டில் நடப்பதைக் கற்பனை செய்யக் கஷ்டம் இல்லை. கட்டிலுக்கு அடியில் பெட்டி, பரணில் பெட்டி, மழைக்காலத்தில் பூஞ்சை. மாதம் நாற்பது ஆர்டர் போனால் ஆயிரம் பெட்டி தீர இரண்டு வருடம். அதற்குள் போன் நம்பர் மாறும், விலாசம் மாறும், விற்கும் பொருளே மாறும். போன வருஷம் ஜிமிக்கி செய்தவர் இந்த வருஷம் பட்டு நூல் வளையலுக்கு வந்திருப்பார். பெட்டியோ ஜிமிக்கி அளவில் இருக்கும். ஒரே அளவில் ஆயிரம் பெட்டிக்குப் பதில் மூன்று அளவில் வெறும் பழுப்புப் பெட்டி ஐம்பது ஐம்பதாக வாங்கி, ஒரு ரப்பர் முத்திரை செய்து வைத்துக்கொண்டவர் கையில் சுழற்சிக்குப் பணம் இருக்கிறது. முத்திரை குத்தினாலும் பெயர் பெயர்தான்.

அடுத்து, உடைவது. அலங்காரப் பாடத்தின் பெரிய குற்றம் இங்கேதான் இருக்கிறது: பெட்டியைப் பார்வைப் பொருளாக மட்டும் கற்பித்து, அது விழும், மிதிபடும், நனையும் என்பதைச் சொல்லாமல் விடுகிறது.

பார்சல் பாதுகாப்புக்கென்று இஸ்டா என்ற சர்வதேச அமைப்பு சோதனை முறைகளை வகுத்திருக்கிறது. அதில் ஆரம்ப நிலைச் சோதனையில், சுமார் பத்துக் கிலோவுக்குக் குறைந்த பெட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். முதலில் ஒரு மூலை, பிறகு மூன்று விளிம்பு, பிறகு ஆறு பக்கம். கிட்டத்தட்ட இடுப்பு உயரம் அது. கையில் இருந்து நழுவினால், மேசையில் இருந்து உருண்டால் விழும் உயரம். இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்கு 1966இல் தொடங்கப்பட்ட இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு. சிறு கைவினைஞர் அங்கெல்லாம் போக வேண்டியதில்லை. பேக் செய்த பெட்டி ஒன்றைச் சமையல் மேடையிலிருந்து தரையில் பத்து முறை போட்டுவிட்டுத் திறந்து பார்த்தால் போதும். தான் செய்த பொருளைத் தானே போட்டு உடைக்க மனசு வராதுதான். கூரியர்காரருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. 'உடையும் பொருள், கவனம்' என்ற சிவப்பு ஸ்டிக்கரைப் பெரிய மையங்களில் பார்சலைத் தள்ளிக்கொண்டு ஓடும் பட்டை படிப்பதும் இல்லை.

ஒரு கொலு பொம்மையை அனுப்புவதைப் பார்ப்போம். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரியிலும், காஞ்சிபுரத்திலும், பண்ருட்டியிலும் செய்யும் பொம்மைகள் நவராத்திரிக்கு முன்னால் கடல் தாண்டியும் போகின்றன. களிமண் பொம்மை நடுவயிற்றில் உடைவது அபூர்வம். கிருஷ்ணரின் புல்லாங்குழல், நீட்டிய விரல், கழுத்து, மயிற்பீலி, இவைதான் போகும். காரணம் எளிது: பெட்டி விழுந்து நின்ற பிறகும் உள்ளே இருக்கும் பொம்மை நிற்காமல் நகர்கிறது, நீட்டிக்கொண்டிருப்பது முதலில் சுவரில் மோதுகிறது. எனவே முதல் வேலை, கைக்கும் உடலுக்கும் நடுவே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் பள்ளங்களை மெல்லிய தாளைச் சுருட்டி நிரப்புவது. நீட்டிய பாகம் தனியாக நிற்காமல் முழு உருவமும் ஒரு முட்டை போல ஆகும்வரை சுற்ற வேண்டும். அதற்கு மேல் பபுள் ராப், குமிழ் உள்பக்கமாக. பிறகு ஐந்தடுக்குப் பெட்டியின் அடியில் கசக்கிய தாளைத் திணித்து, பொம்மையை நடுவில் வைத்து, ஆறு பக்கமும் குறைந்தது நான்கு விரல் இடைவெளி விட்டு அங்கும் தாளைத் திணிக்க வேண்டும். மூடியைச் சாத்தினால் லேசாக எதிர்த்துத் தள்ள வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் ஒரு சத்தமும் வரக்கூடாது. டேப் நடு இணைப்பில் மட்டும் ஒட்டினால் போதாது. இரண்டு ஓர இணைப்புகளிலும் ஒட்ட வேண்டும், மேலும் கீழும்.

பழைய பொம்மைக்காரர்கள் இதே வேலையை வைக்கோலால் செய்தார்கள். இன்றும் உள்ளூருக்கு அதைவிட மலிவான, நல்ல மெத்தை இல்லை. வெளிநாட்டுக்கு மட்டும் ஆகாது. ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் பயிர் நோய்க்குப் பயந்து வைக்கோலில் கட்டியதை உள்ளே விடுவதில்லை.

இந்த வரிசையில் டிஷ்யூ தாளுக்கு எங்கே இடம்? வண்ணம் எதற்கு? ஜிகினா துகள் தூவிய பெட்டியில் ஆரி வேலை செய்த ரவிக்கைத் துணியை அனுப்பினால் துகள் நூலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மலிவான வண்ணத் தாள் மழையில் நனைந்தால் சாயம் விட்டு வெள்ளைக் குரோஷாவில் ரோஜா நிறத் திட்டு விழும். வடகிழக்குப் பருவமழையில் பார்சல் அனுப்பிப் பழகியவர் அட்டைப்பெட்டிக்குள் எதைச் சேர்ப்பதற்கு முன்னாலும் நீர் புகாத உறை ஒன்றைச் சேர்ப்பார். சோப்பில் கதை இன்னும் மோசம். அடுப்பேற்றாமல் செய்யும் சோப்பை நாலு முதல் ஆறு வாரம் காற்றில் உலர்த்துகிறார்கள். அதற்குப் பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று இறுக்கமான பிளாஸ்டிக் படலத்தில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பிசுபிசுக்கும். காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி இரு ஓரமும் திறந்து விட்டால் சோப்பும் பிழைக்கும், வாசனையும் வெளியே வரும்.

அப்படியானால் அழகே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அழகு தனியாக வாங்கி ஒட்டும் சாமான் என்று யார் சொன்னது? ஜப்பானில் 1980இல் நாற்பது பொருட்களோடு தொடங்கிய முஜி நிறுவனம் மூன்று கொள்கைகளை வைத்துக்கொண்டது. மூலப்பொருளைத் தேர்ந்தெடுப்பது, செய்முறையில் வீணாவதைக் குறைப்பது, பேக்கிங்கை எளிமையாக்குவது. காகிதக் கூழை வெளுக்கும் வேலையை விட்டுவிட்டதால் கிடைத்த மங்கிய பழுப்புத் தாளே அதன் அடையாளமாயிற்று. செலவைக் குறைக்கச் செய்தது தோற்றமாக மாறி, பின்னால் உலகமே அதைப் பார்த்துக் காப்பியடித்தது. அதே நாட்டைச் சேர்ந்த ஹிதேயுகி ஓகா, 1960களில் கிராமத்துப் பேக்கிங் முறைகளைத் தொகுத்தார். ஐந்து முட்டைகளை வைக்கோல் கொண்டு வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட படம் அதில் புகழ்பெற்றது. அந்தக் கட்டில் ஒரு இழைகூட அலங்காரத்துக்காக இல்லை. முட்டை உடையக் கூடாது, கையில் தூக்கிப் போக வேண்டும். அதற்காக மட்டுமே கட்டியது.

இதற்கு ஜப்பான்வரை போக வேண்டியதும் இல்லை. உடன்குடிக் கருப்பட்டி வந்து இறங்கும் ஓலைப்பெட்டியில் யாரும் பூ வரையவில்லை. கருப்பட்டிக்குக் காற்று வேண்டும், நசுங்காமல் இருக்க வேண்டும், பனங்காட்டிலேயே ஓலை கிடைக்கிறது. பொருளும் பெட்டியும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்பது பார்த்ததுமே தெரிகிறது. செட்டிநாட்டில் சீர் வைத்துக் கொடுத்த கொட்டான் இன்னொரு படி மேலே போய், பெட்டியே தனியாக விற்கும் கைவினைப் பொருளாகிப் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. அத்தகைய ஓலைப்பெட்டி ஒன்றில் ஒரு ஜோடி ஜிமிக்கியை அனுப்புகிறவர் பேக்கிங்குக்குச் செலவு செய்யவில்லை, இரண்டாவது பொருளை விற்கிறார். அதற்குரிய விலையை வெளிப்படையாகக் கேட்கலாம்.

நேர்த்தி என்பது பெரும்பாலும் காசு கேட்காத சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. டேப்பைப் பல்லால் கடித்து இழுக்காமல் நேராக வெட்டுவது. பெட்டி அளவுக்குச் சரியாகத் தாளை மடிப்பது. முகவரியைக் கோணாமல் ஒட்டுவது. சணல் கயிறு ஒரு சுற்று, கூடவே கைப்பட எழுதிய ஒரு வரி. அந்த வரியும் 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று அச்சிட்ட அட்டைபோல யாருக்கும் பொருந்துவதாக இருக்கக் கூடாது. 'இந்த ஜிமிக்கி தண்ணீரில் கரையாது, ஆனால் சென்ட் அடித்தால் சாயம் மங்கும். கொக்கி கழன்றால் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்' என்று இருந்தால் அதை வாடிக்கையாளர் பத்திரமாக எடுத்து வைப்பார்.

அலங்காரம் கற்றுத்தரும் பலரும் லேபிளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதுதான் வேடிக்கை. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொதிப் பொருள் விதிகளின்படி, பொதியில் தயாரித்தவரின் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதம் வருடம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றை விற்பனைப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்று 2018 ஜனவரி முதல் நடைமுறை. தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் வேண்டும். சோப்பு என்றால் அழகுசாதன உரிமமே வேண்டும். ஐந்து ரூபாய் நன்றி அட்டை இருக்கிறது, இரண்டு ரூபாய் லேபிள் இல்லை என்ற பார்சல்கள் தினமும் போய்க்கொண்டிருக்கின்றன.

எதிர்த் திசையில் போகும் கஞ்சத்தனத்துக்கும் இங்கே வக்காலத்து இல்லை. மருந்துக்கடையில் வாங்கிய பழைய பெட்டியைத் திருப்பி ஒட்டி, அதில் 'இருமல் சிரப்' என்று தெரிய அனுப்புவது சிக்கனம் ஆகாது. ஒருமுறை பயணம் போன அட்டையின் மடிப்புகளில் பலம் குறைந்திருக்கும். செய்தித்தாளின் மை வெளுத்த துணியில் ஒட்டும். தின்பண்டத்துக்கோ அது கூடவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலும் 2023இலும் எச்சரித்திருக்கிறது. எளிய பேக்கிங் என்று இங்கே சொல்வது புதிய, சரியான அளவுள்ள, சுத்தமான பெட்டியைத்தான். அதன் விலை பத்து ரூபாய் என்பது அதன் குற்றம் இல்லை.

அலங்காரக் கட்சிக்கு ஒரு இடத்தில் முழு நியாயம் உண்டு. பரிசு. கல்யாணத்துக்கு, வளைகாப்புக்கு, நேராக இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி வாங்குபவருக்குப் பெட்டியும் பொருளின் பகுதிதான். அவரிடம் கேட்டுவிடலாமே. 'பரிசுப் பேக்கிங் வேண்டுமா, கூடுதல் கட்டணம் உண்டு' என்று ஒரு கட்டம் வைத்தால் வேண்டியவர் அழுத்துவார். கூடும் கூரியர் படியையும் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கிவிடலாம். தனக்கென்று வாங்கும் மற்றவர்கள் தலையில் அதைக் கட்டுவதுதான் தவறு. பரிசிலும் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சீனா பார்த்துவிட்டது. இலையுதிர்காலத் திருவிழாவுக்குப் பரிசளிக்கும் நிலாப் பணியாரத்தின் பெட்டிகள் பணியாரத்தைவிடப் பெரிதாகி, பெட்டிக்குள் பெட்டியாக வளர்ந்து, கடைசியில் அரசே 2022 ஆகஸ்டில் மூன்று அடுக்குக்கு மேல் கூடாது என்று விதி போட வேண்டிவந்தது. விலை உயர்ந்த வகைகளுக்குப் பேக்கிங் செலவு விலையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் கட்டுப்பாடு. நம் டெரகோட்டா கணக்கில் காந்தப் பெட்டி, அதன் துணைச் சாமான்கள், வெளிப்பெட்டி எல்லாம் சேர்ந்து விலையில் ஆறில் ஒரு பங்கு. விலை உயர்ந்த பரிசுக்கே சீன அரசு தாங்காத அளவை நம் சுய உதவிக் குழுக்களுக்குப் பாடமாக நடத்துகிறார்கள்.

'இயற்கைக்கு இசைந்த கைவினை' என்று பக்கத்தில் எழுதிவிட்டு, உள்ளே பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டை, நைலான் ரிப்பன், ஜிகினாத் தாள் என்று அனுப்பும் முரணைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. படலம் ஒட்டிய அட்டையைப் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுப்பதற்கு முன் முகத்தைச் சுளிப்பார். பழுப்புப் பெட்டியை மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்வார்.

இந்தத் தவறான பாடம் நிலைத்து நிற்பதற்கு யார் காரணம் என்று பார்த்தால், கைவினைஞர் இல்லை. பெட்டி விற்பவர், ஸ்டிக்கர் அச்சிடுபவர், பேக்கிங் சாமான்களை இணையத்தில் மொத்தமாக விற்பவர், அவர்களிடம் விளம்பரம் வாங்கும் வழிகாட்டி வீடியோக்காரர் ஆகியோருக்கு இது நல்ல வியாபாரம். ஆர்டரே வராத கடையிலும் பெட்டி விற்றுவிடுகிறது. கைவினைஞரின் முதல் செலவே அதுதான் என்று ஆக்கிவிட்டார்கள். அரசுப் பயிற்சிகளும் ஏன் இதைப் பின்பற்றுகின்றன என்பதற்கு மட்டும் நியாயமான காரணம் கிடையாது. கண்காட்சி மேசையில் வைத்துப் படம் எடுக்க அழகான பெட்டி உதவும் என்பதைத் தவிர.

அந்த வகுப்புகளில் ஒரு மாற்றம் செய்தாலே போதும். ரிப்பன் கட்டும் அமர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொருவரும் தாங்கள் விற்கும் பொருளைக் கொண்டுவந்து ஒரு அளவு நாடா, ஒரு தராசு, கூரியர் கட்டணப் பட்டியல் ஆகியவற்றோடு உட்காரட்டும். பெட்டியின் மூன்று அளவையும் பெருக்கி 5000ஆல் வகுத்து, பேக்கிங்கும் கூரியரும் போக மீதி என்ன என்று நோட்டில் எழுதட்டும். பிறகு அவரவர் பெட்டியை இடுப்பு உயரத்தில் தூக்கிப் பத்து முறை கீழே போடட்டும். உடைந்தவர் மறுபடி பேக் செய்யட்டும், பெட்டியைப் பெரிதாக்காமல்.